பழைய கறுப்புத் தையல் மெஷின்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

பரணிலிருந்து இறக்கியது, இரும்புக்கடையில் எடைக்குப் போக இருந்ததை மீட்டது, பாட்டி வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்தது என்று கைக்கு வரும் பழைய சிங்கர், உஷா, மெரிட் மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையான பழுது எதுவும் இருக்காது. எண்ணெய் இறுகியிருக்கும், ஊசி மாறியிருக்கும், நூல் தப்பாகக் கோர்த்திருக்கும். இந்த மூன்றையும் பார்க்காமல் திருப்புளியை எடுத்துக் கழற்றும்போதுதான் நல்ல மெஷின் கெடுகிறது. ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்து, மெக்கானிக்கிடம் போக வேண்டிய இடத்தைக் கடைசியில் சொல்லியிருக்கிறேன்.

தையல் மெஷின் எண்ணெய், பழைய டூத்பிரஷ், பனியன் துணி, டார்ச், நுனி தேயாத இரண்டு திருப்புளி, புது ஊசி ஒரு பாக்கெட், புது நூல்கண்டு ஒன்று. இவை போதும். எதைக் கழற்றினாலும் அதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

## எந்த மெஷின் என்றே தெரியவில்லை

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. வகை தெரியாமல் ஊசி வாங்க முடியாது, பாபின் (கீழ் நூலைச் சுற்றிவைக்கும் சின்ன உருளை) வாங்க முடியாது, நூல் கோர்க்கவும் முடியாது.

பெயர் அழிந்துவிட்டது, எண் இருக்கிறது. சிங்கர் என்றால் வலப்பக்கம், தூணின் அடியில், அடித்தட்டின் மேல் சற்று உயர்ந்த ஒரு மேடை இருக்கும். அதில் எண் குத்தப்பட்டிருக்கும். அழுக்கில் மறைந்திருந்தால் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு பனியன் துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படியுங்கள். எழுத்தே இல்லாமல் வெறும் எண் என்றால் 1900க்கு முந்தையது. ஆங்கில எழுத்து ஒன்று முன்னால் இருந்தால் அதற்குப் பிந்தையது. நம் பக்கம் அதிகம் கிடைப்பது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில் இருந்த கில்போவி தொழிற்சாலையின் சரக்கு. எஃப், ஜே, எம், பி, ஆர், எஸ், வி, எக்ஸ், ஒய் ஆகிய ஒற்றை எழுத்துகள் அங்கே செய்தவை. ஒய் வரிசை 1935 வரை வந்தது. அப்புறம் இ-யில் தொடங்கும் இரட்டை எழுத்துகள். ஏ-யில் தொடங்கும் இரட்டை எழுத்து என்றால் அமெரிக்காவின் நியூ ஜெர்சி தொழிற்சாலை. அந்த எண் குறிப்பது மொத்தமாக எண்கள் ஒதுக்கப்பட்ட ஆண்டை. உங்கள் மெஷின் அதற்குச் சற்றுப் பின்னால்கூட முடிந்திருக்கலாம்.

எண்ணும் படிக்க முடியவில்லை. அமைப்பைப் பாருங்கள். மேல் நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் குமிழ் இடது ஓரத்து முகத்தகட்டில் இருந்து, பாபின் உட்காரும் பாபின் கேஸை இடப்பக்கத் தகட்டை நகர்த்தி அடியிலிருந்து எடுத்தால் அது 15ஆம் வகை அல்லது அதன் நகல். நம் ஊர்க் கறுப்பு மெஷின்களில் இதுதான் ராஜா. உஷா, மெரிட், லூதியானாவில் செய்த எத்தனையோ பெயர்கள் எல்லாம் இந்த அமைப்பில் வந்திருக்கின்றன. வட்டமான பாபின் மேலிருந்தே படுக்கையாக இறங்கினால் 66 வகை. அதே அமைப்பில் சிறியது 99. ஊசிக்கு முன்னும் பின்னும் இரண்டு நீளத் தகடுகள் நகர்ந்து, உள்ளே கீழ் நூலைத் தாங்கி மேல் நூலோடு பின்னும் ஷட்டில் தோட்டா வடிவில் முன்னும் பின்னும் ஊசலாடினால் 27 அல்லது 127. அதன் சிறிய தம்பிகள் 28, 128. பாபின் சுற்றும் பகுதி கைச்சக்கரத்துக்கு அருகே தாழ்வாக இருந்தால் 27, 28 என்றும், மேலே ஏறியிருந்தால் 127, 128 என்றும் பிரிக்கலாம். அடித்தட்டு வயலின் போல வளைந்திருந்தால் இன்னும் பழைய 12ஆம் வகையாக இருக்கலாம். அதற்கான ஊசி கடையில் சாதாரணமாகக் கிடைக்காது என்பதை வாங்கும் முன்பே யோசித்துவிடுங்கள்.

சில மெஷின்களில் தையல் நீளம் மாற்றும் இடத்தருகே சின்னத் தகட்டில் வகை எண் எழுதியிருக்கும். 15கே, 201கே என்று கடைசியில் ‘கே’ வந்தால் கில்போவி. பித்தளைப் பட்டையின் விளிம்பு நீல நிறமாக இருந்து 1851, 1951 என்ற இரண்டு ஆண்டுகளும் இருந்தால் அது நூற்றாண்டு விழாவுக்குப் போட்ட பட்டை.

பெயர் பளிச்சென்று இருக்கிறது, சந்தேகமாகவும் இருக்கிறது. தங்க எழுத்து புத்தம் புதிது, ஆனால் அடித்தட்டின் முன் விளிம்பில் கறுப்பு தேய்ந்து இரும்பு தெரிகிறது என்றால் யோசியுங்கள். பல வருடம் துணி உரசிய இடத்தில் தங்கப் பூவும் சேர்ந்து தேய்ந்திருக்க வேண்டும். மேலே ஸ்டிக்கர் ஒட்டி வார்னிஷ் அடித்திருந்தால் நகத்தால் வருடும்போது ஒரு படி தட்டும். எண் குத்தும் மேடை இல்லாத சிங்கரை நான் சிங்கர் விலைக்கு வாங்க மாட்டேன். நகல் என்பதால் மட்டம் என்று அர்த்தமில்லை. 15ஆம் வகையின் நல்ல நகல் அருமையாகத் தைக்கும். ஆனால் சேகரிப்பவர் கொடுக்கும் விலை பெயருக்கும் அசல் பூவேலைக்கும்தான், ஆகவே அது அசலாக இருக்க வேண்டும்.

பெயரே இல்லாத மெஷினைக் கவிழ்த்து, அடியில் ஜே.ஏ. என்றும் ஒரு எண்ணும் வார்ப்பிலோ குத்தலிலோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் செய்த 15 நகல்.

மெக்கானிக்கைக் கேட்க வேண்டியது: வார்ப்பில் விரிசல். அடித்தட்டின் கீல் பக்கத்தையும் தூணும் தட்டும் சேரும் இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வார்ப்பிரும்பு விரிசலைப் பித்தளை வைத்துப் பற்றவைப்பது பெரிய வேலை, அதிலும் ஷாஃப்ட் நேர் தவறிப்போகும் அபாயம் உண்டு. பற்றவைத்த தடம் இருந்தால் உதிரி பாகத்துக்காக மட்டும் வாங்குங்கள்.

## கைச்சக்கரம் சுற்றவே இல்லை

அதிகம் வரும் புகார் இதுதான். பயப்படவும் அவசரப்படவும் வேண்டாம்.

கல் போல நிற்கிறது. முதலில் ஊசியைக் கழற்றி வையுங்கள். ஊசித்தட்டில் குத்தி நின்றிருந்தால் அதோடு விடுபடும். அடுத்து பாபின் கேஸ், ஷட்டில். பாபின் கேஸை எடுத்துவிட்டு உள்ளே டார்ச் அடியுங்கள். ஷட்டில் சுழலும் வளையத்துக்குள் நூல் புகுந்து, எண்ணெயில் ஊறி, அழுத்தி அழுத்தி ஒரு கறுப்புக் கயிறாக இறுகியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அது நூல் என்றே தெரியாது, இரும்பின் ஒரு பகுதி போலவே இருக்கும். ஊசி முனையால் கிளறினால்தான் ஒரு பிசிறு எழும்பும். அதைப் பிடித்து மெல்ல இழுத்தால் முழ நீளம் வரும். 15ஆம் வகையில் ஷட்டிலைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றி ஷட்டிலை வெளியே எடுக்கலாம். எடுக்கும் முன் படம் எடுங்கள், ஏனென்றால் ஷட்டில் ஒரு பக்கமாகத்தான் உட்காரும்.

இன்னொரு நூல் கைச்சக்கரத்தின் பின்னால் இருக்கும். பாபின் சுற்றும்போது தவறி விழுந்த நூல் சக்கரத்துக்கும் தூணுக்கும் இடையே ஷாஃப்ட்டில் சுற்றிக்கொள்ளும். சக்கரத்தைக் கழற்றினால்தான் தெரியும்.

இரண்டும் சுத்தமாக இருந்தும் அசையவில்லை என்றால் எண்ணெய் இறுகியிருக்கிறது. நம் வீடுகளில் கைக்கு எட்டியது தேங்காய் எண்ணெய்தான், அதைத்தான் விட்டிருப்பார்கள். அது சில வருடத்தில் பழுப்புப் பிசினாகிவிடும். முகத்தகட்டைக் கழற்றி ஊசிக்கம்பியைப் பாருங்கள். பளபளப்பான எஃகாக இருக்க வேண்டியது தேன் நிறத்தில் மினுங்கும். நகத்தால் சுரண்டினால் பிசின் சுருளாக உரியும். அப்படி இருந்தால் நோயும் தெரிந்துவிட்டது, மருந்தும் தெரிந்துவிட்டது.

மேலே உள்ள எண்ணெய்த் துளைகள், முகத்தகட்டுக்குள் அசையும் ஒவ்வொரு மூட்டு, கவிழ்த்தால் அடியில் தெரியும் மூட்டுகள் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் இரண்டு இரண்டு சொட்டு விடுங்கள். வண்ணத்தின் மேல் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலை, மாலை இரு வேளையும் விட்டு, கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். சுற்ற முயலாதீர்கள், ஆட்டினால் போதும். ஒரு தலைமுடி அளவு அசைந்தாலே மீதி தானாக வரும். அவசரமாக இருந்தால் தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையரால் அந்த இடத்தைச் சூடாக்கலாம். ஆனால் மண்ணெண்ணெய் விட்ட மெஷினில் சூடு காட்டவே கூடாது. சூடா, மண்ணெண்ணெயா, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விடுபட்டதும் வேலை முடிந்துவிடாது. மண்ணெண்ணெய் பிசினைக் கரைக்குமே தவிர உராய்வைத் தாங்காது. துடைத்துவிட்டு, எல்லாத் துளையிலும் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, நூல் இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். கறுப்பாக வடிவதைத் துடைத்து மறுபடி விடுங்கள். தெளிந்த எண்ணெய் வரும் வரை இதைச் செய்யலாம்.

பாதி சுற்று வந்து, ஒரே இடத்தில் தட்டி நிற்கிறது. இது பெரும்பாலும் பிசின் கோளாறாக இருக்காது. ஷட்டிலில் நூல், வளைந்த ஊசி, தப்பாக உட்கார்ந்த பாபின் கேஸ், இந்த வரிசையில் பாருங்கள். இவை சரி என்றால் துணியை நகர்த்தும் பல்லின் நடுவே அழுத்திப் போன பஞ்சு. ஊசித்தட்டைக் கழற்றினால் தெரியும்.

சுற்றுகிறது, ஆனால் கனமாக. பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். மெஷின் லேசாகச் சுற்றினால் கோளாறு கீழே மிதியில். அப்போதும் கனம் என்றால் மேலே சொன்ன எண்ணெய் வைத்தியம்.

மெக்கானிக்கிடம்: ஒரு வாரம் ஊறியும் தலைமுடி அளவுகூட அசையவில்லை என்றால் மேல் ஷாஃப்ட் புஷ்ஷோடு துருப்பிடித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுத்தியலால் தட்டாதீர்கள். கைச்சக்கரம் வார்ப்பிரும்பு, ஒரு அடியில் உடையும்.

## சக்கரம் சுற்றுகிறது, ஊசி ஏறி இறங்கவில்லை

கைச்சக்கரத்தின் நடுவில் உள்ள குமிழைப் பாருங்கள். பாபின் சுற்றும்போது அதைத் தளர்த்துவார்கள், பிறகு இறுக்க மறந்திருப்பார்கள். கடிகார முள் சுற்றும் திசையில் இறுக்கினால் ஓடும்.

இறுக்கியும் பிடிக்கவில்லையா? குமிழுக்குள் மூன்று காது வைத்த ஒரு வாஷர் இருக்கிறது. யாரோ கழற்றித் துடைத்து, திருப்பிப் போட்டிருப்பார்கள். குமிழில் உள்ள சின்னத் திருகைத் தளர்த்தி, குமிழைக் கழற்றி, வாஷரை அரைவட்டம் திருப்பிப் போட்டு மாட்டுங்கள். இதற்கே மெக்கானிக்கிடம் காசு கொடுத்தவர்கள் நிறைய.

இரண்டும் இல்லை, மெஷினுக்குள் ஏதோ மட்டும் சுற்றும் சத்தம் வருகிறது என்றால் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் முளை (பின்) உடைந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

## ஊசி ஓடுகிறது, தையல் விழவில்லை அல்லது விட்டு விட்டு விழுகிறது

பத்தில் எட்டு முறை ஊசிதான் என்று அடித்துச் சொல்வேன். ஷட்டிலைத் தொடும் முன் ஊசியை நான்கு விதமாகச் சோதியுங்கள்.

முதலில் வகை. 15, 27, 66, 99, 127, 128, 201 எல்லாமே இன்றைக்கும் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும் ஹெச்.ஏ.1 ஊசியில் ஓடும். அந்த ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். முழுக்க உருண்டையான தண்டு என்றால் அது கம்பெனியில் ஓடும் பவர் மெஷின் ஊசி, கடைக்காரர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். சாதாரணக் காட்டனுக்கு 14 நம்பர், ஜீன்ஸ் மாதிரி கனத்துக்கு 16, மெல்லியதற்கு 11.

அடுத்து திசை. 15ஆம் வகையில் தட்டைப் பக்கம் இடப்புறம் இருக்க வேண்டும், நூல் வலமிருந்து இடமாகக் கோர்க்க வேண்டும். இன்றைய மெஷினில் பழகியவர் தட்டைப் பக்கத்தைப் பின்னால் வைத்து, முன்னிருந்து பின்னாகக் கோர்ப்பார். மெஷின் ஒரு தையல்கூடப் போடாது. வேறு வகையில் குழப்பம் வந்தால், ஊசிக்கு நேர் மேலே உள்ள கடைசி நூல் கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஊசியின் நீளப் பள்ளம் இருக்க வேண்டும், அந்தப் பக்கத்திலிருந்துதான் நூல் நுழைய வேண்டும்.

மூன்றாவது உயரம். ஊசியை முட்டும் வரை மேலே தள்ளித் திருகுங்கள். துளைக்குள் உடைந்த ஊசியின் துண்டு மாட்டியிருந்தால் புது ஊசி முழுதாக ஏறாது.

நான்காவது நேர். ஊசியின் தட்டைப் பக்கத்தைக் கண்ணாடியில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். ஊசிக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள கோடு நுனி வரை ஒரே சீராக இருக்க வேண்டும். கோணல் என்றால் குப்பையில் போடுங்கள்.

புது ஊசி, சரியான திசை, முழு உயரம், அப்போதும் விடுகிறது என்றால் ஷட்டிலின் கூர்முனையைப் பாருங்கள். ஊசி குத்திக் குத்தி மழுங்கியிருக்கலாம். விரல் நகத்தில் தொட்டால் சொரசொரப்பாகப் பிடிக்கும். மிக நைஸான உப்புத்தாளால் மெருகிடலாம், ஆனால் முனையின் நீளத்தைக் குறைத்துவிடக் கூடாது. 15ஆம் வகைக்குப் புது ஷட்டில் கிடைக்கிறது, மாற்றிவிடுவது நல்லது. 27, 127 வகையின் தோட்டா ஷட்டில் அப்படி எளிதாகக் கிடைக்காது. அந்த மெஷினை வாங்கப் போகிறீர்கள் என்றால் தகட்டை நகர்த்தி ஷட்டில் உள்ளே இருக்கிறதா, பாபின் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

மெக்கானிக்கிடம்: ஊசி அடியைத் தொட்டுவிட்டு மேலே ஏறத் தொடங்கும்போது, ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் ஏறிய நேரத்தில், ஷட்டில் முனை ஊசியைக் கடக்க வேண்டும், அதுவும் ஊசிக் காதுக்குச் சற்று மேலே. துணி இல்லாமல், தகட்டைத் திறந்து, சக்கரத்தைக் கையால் சுற்றி இதைப் பார்க்கலாம். முனை காதுக்குக் கீழே கடந்தாலோ, ஊசியைவிட்டு எட்டிப் போனாலோ ஊசிக்கம்பியின் உயரம் மாறியிருக்கிறது. அந்தத் திருகை நீங்கள் தளர்த்த வேண்டாம். கம்பி ஒரு இழை திரும்பினாலும் எல்லாம் கோணும்.

## அடியில் நூல் கொத்தாக விழுகிறது

அடியில் கொத்து விழுந்தால் குற்றவாளி மேல் நூல். இதைப் புரியாமல் பாபின் கேஸ் திருகைத் திருப்பித் திருப்பி அதையும் கெடுத்துவிடுகிறார்கள்.

துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல் நூலை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி கோருங்கள். பாதம் தூக்கியிருந்தால்தான் டென்ஷன் வட்டுகள் விலகி, நூல் நடுவில் உட்காரும். பிறகு பாதத்தை இறக்கி, நூலை இழுத்துப் பாருங்கள். இறுக்கம் கூட வேண்டும். பாதம் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் ஒரே தளர்ச்சி என்றால் வட்டுகளுக்கு இடையே பழைய நூல் துணுக்கோ துருவோ இருக்கிறது. ஒரு துணிப் பட்டையை வட்டுகளுக்கு இடையே விட்டு, முன்னும் பின்னும் இழுங்கள்.

டென்ஷனை யாராவது கழற்றியிருந்தால் இரண்டு வட்டுகளின் புடைத்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்திருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கேயே மெல்லிய கம்பி ஸ்பிரிங் ஒன்று நூலைத் துள்ளவிட்டுப் பிடிக்கும். அது ஒடிந்திருந்தால் எப்படித் திருகினாலும் தையல் சீராகாது. விலை குறைவான பாகம், மாற்றிவிடுங்கள்.

கீழ் நூல் மேலே ஏறிக் கொத்துகிறது, மேல் நூல் நேர்க்கோடாகக் கிடக்கிறது. மேல் நூல் அதிக இறுக்கம், அல்லது கீழ் நூல் பாபின் கேஸ் ஸ்பிரிங்குக்கு அடியில் போகவில்லை. கீழ் நூலைப் பிடித்து பாபின் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாகச் சரசரவென்று இறங்கக் கூடாது. லேசாக உதறினால் சிறிது இறங்கி நிற்க வேண்டும். ஸ்பிரிங் அடியில் பஞ்சு இருந்தால் ஒரு தடித்த தாளின் முனையால் தள்ளி எடுங்கள். திருகைத் தொட வேண்டியிருந்தால் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். திருகு பொடி, கீழே விழுந்தால் கிடைக்காது. வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு செய்யுங்கள்.

## மேல் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது

நூலையே முதலில் சந்தேகப்படுங்கள். மெஷினோடு தகர டப்பாவில் வந்த பழைய கண்டு அழகாக இருக்கும், ஆனால் இற்றுப்போயிருக்கும். இரு கையால் சுண்டிப் பாருங்கள், பட்டென்று விட்டால் அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஊசி தப்பான திசை. அதற்கும் அடுத்து ஊசித்தட்டின் துளை. வருடக்கணக்கில் ஊசி இடித்து ஓரத்தில் வெட்டு விழுந்திருக்கும். நைஸ் உப்புத்தாளைச் சுருட்டித் துளைக்குள் விட்டு மெருகிடலாம்.

இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது: சக்கரம் பின்பக்கமாகச் சுற்றுகிறதா? சிங்கரும் அதன் நகல்களும் உங்களை நோக்கிச் சுற்ற வேண்டும். மிதியை மிதித்ததும் எதிர்த்திசையில் ஓடினால் நூல் சிக்கி அறும். கைச்சக்கரத்தைக் கையால் உங்களை நோக்கித் தள்ளிவிட்ட பிறகு மிதியுங்கள்.

## துணி நகரவில்லை

தையல் நீளம் பூஜ்யத்தில் இருக்கிறதா? பழைய மெஷின்களில் பின்தையல் நெம்புகோலே இருக்காது, தூணில் ஒரு திருகு மட்டும் இருக்கும், அதுதான் நீளம். பாதத்தின் அழுத்தம் தரும் மேல் திருகு தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். ஊசித்தட்டைக் கழற்றி பல்வரிசைகளுக்கு நடுவே உள்ள பஞ்சை ஊசியால் பெயர்த்தெடுங்கள், கம்பளி போல் கட்டியாக வரும். சில வகைகளில் எம்ப்ராய்டரிக்காகப் பல்லை இறக்கி வைக்கும் வசதி உண்டு, அடியில் உள்ள திருகைப் பாருங்கள். பல் மழுங்கியிருந்தால் மாற்ற வேண்டும், 15ஆம் வகைக்குக் கிடைக்கும். மாற்றிய பின் உயரத்தை மெக்கானிக் சரிபார்ப்பது நல்லது.

## மிதித்தால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது மிதி தட்டுகிறது

தோல் பெல்ட் தொய்ந்திருந்தால் அரை அங்குலம் வெட்டி, கம்பிக் கிளிப்பை மறுபடி மாட்டுங்கள். மழைக்காலத்தில் இளகும், வெயில் வந்தால் இறுகும், ஆகவே விறைப்பாகக் கட்டாதீர்கள். பெல்ட்டில் எண்ணெய் பட்டிருந்தால் துடைத்தாலும் பயனில்லை, புதிது வாங்குங்கள். மிதியையும் பெரிய சக்கரத்தையும் இணைக்கும் கட்டையின் மேல்முனை மூட்டு தளர்ந்தால் டக் டக் என்று சத்தம் வரும். நட்டை இறுக்கி இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

## மோட்டார் மாட்டியிருக்கிறது

இங்கே மட்டும் என் வரிசையை மாற்றிச் சொல்கிறேன். மின்சாரப் பிளக்கில் செருகும் முன் மோட்டாரின் தகட்டைப் படியுங்கள். 110 வோல்ட் என்று இருந்தால் அமெரிக்காவுக்குச் செய்தது, நம் 230 வோல்ட்டில் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். ஒயரை லேசாக வளைத்துப் பாருங்கள். ரப்பர் விரிந்து தூளாக உதிர்ந்தால் அதைச் செருகவே கூடாது. மெஷின் உடம்பு முழுவதும் இரும்பு, அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கால் பெடல் தொட்டால் சுடுகிறது, தானாக ஓடுகிறது, கருகல் வாசம் வருகிறது, எதுவானாலும் எலக்ட்ரீஷியனிடம்தான். நானாக இருந்தால் மோட்டாரைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு மிதியிலேயே ஓட்டுவேன். 15, 66, 127 எல்லாம் அதற்குத்தான் பிறந்தவை. மோட்டாரை உடம்போடு சேர்த்துக் கட்டிய மெஷின்களில் அது முடியாது. அவற்றின் ஒயர் மாற்றும் வேலை, அதில் பழகிய ஆளுக்கே உரியது.

## பூவேலை வெள்ளியாக மாறுகிறது, கறுப்பு மங்குகிறது

தங்கப் பூவேலை சட்டென்று வெள்ளி நிறமானால் அதன் மேல் உள்ள பாதுகாப்புப் பூச்சு போய்விட்டது, துடைத்தது தவறு. பழைய சிங்கரின் கறுப்புக்கு மேல் அரக்குப் பூச்சு இருக்கிறது. ஸ்பிரிட், சானிடைசர், தின்னர் எதுவானாலும் அரக்கைக் கரைத்துவிடும். சோப்புத் தண்ணீரும் மெல்ல மெல்ல அதே வேலையைச் செய்யும். தையல் மெஷின் எண்ணெயைப் பனியன் துணியில் எடுத்து, வட்டமாக, அழுத்தாமல், கறுப்பு அழுக்கு வரும் வரை துடைப்பது ஒன்றே வழி. முதலில் அடித்தட்டின் பின்மூலையில், பூ இல்லாத இடத்தில் சோதியுங்கள்.

27, 127 வகைகளில் எகிப்திய ஸ்பிங்க்ஸ் உருவம் வைத்த பூவேலை வந்தது. ஒரு பக்கம் தேய்ந்து, ஒரு பக்கம் முகம் தெளிவாக இருக்கும் அந்த மெஷினை எடுத்துக்கொண்டு போய்ப் புதுக் கறுப்பு அடித்துவிடாதீர்கள். அடித்தால் அது பளபளக்கும் இரும்பாகிவிடும். யார் எத்தனை வருடம் எந்தப் பக்கம் கைவைத்துத் தைத்தார்கள் என்பதைச் சொல்லும் தடயமும் அதோடு போய்விடும்.

நிக்கல் பாகங்களில் துரு புள்ளியாக இருந்தால் எண்ணெய் தடவி ஒரு நாள் விட்டு, மிக நைஸான எஃகு கம்பளியால் தேயுங்கள். வண்ணம் பூசிய இடத்தில் எஃகு கம்பளி படவே கூடாது. கடலோர ஊர்களில் மறுபடி மறுபடி துரு வரும், தைத்து முடித்ததும் உலோகப் பாகங்களை எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவிவிட்டு மூடி வைப்பது போதும்.

## யாரோ வந்து லட்சக்கணக்கில் விலை கேட்கிறார்

இதையும் ஒரு கோளாறாகவே எண்ணிப் பாருங்கள், ஏனென்றால் இதில் பணமும் போகும், மெஷினும் போகும். பழைய சிங்கரில் ‘சிவப்புப் பாதரசம்’ இருக்கிறது என்ற புரளி 2009இல் சவூதி அரேபியாவில் காட்டுத்தீயாகப் பரவி, ஓடாத மெஷின்களுக்கெல்லாம் விலை ஏறியது. ஊசியருகே செல்போனைக் கொண்டுபோனால் சிக்னல் அறும் என்று சோதனையும் சொன்னார்கள். அப்படி ஒரு பொருள் எந்தத் தையல் மெஷினிலும் வைக்கப்படவில்லை. உள்ளே இருப்பது வார்ப்பிரும்பு, எஃகு, கொஞ்சம் நிக்கல், பித்தளை.

கேட்பவர் ஊசிக்கம்பியை மட்டும் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றாலோ, செல்போனை அருகே பிடித்தாலோ, ‘சோதனைக் கட்டணம்’ என்று முன்பணம் கேட்டாலோ அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஊசிக்கம்பியைக் கழற்ற விட்டால் மேலே சொன்ன உயரம் மாறிவிடும், ஓடிக்கொண்டிருந்த மெஷின் தையல் விடத் தொடங்கும்.

நிஜமான விலை வேறு விஷயங்களில் இருக்கிறது. 15, 66 வகைகள் லட்சக்கணக்கில் வந்தவை, இன்றும் எளிதாகக் கிடைக்கும். அவற்றின் மதிப்பு ஓடும் நிலையையும் பூவேலையையும் பொறுத்தது. 1933இல் வந்த சிறிய 221, மடக்கும் தட்டோடு, பெட்டியோடு, முழு உபகரணங்களோடு இருந்தால் சேகரிப்பவர்கள் தேடி வருவார்கள். வயலின் தட்டு வைத்த 12ஆம் வகை, அசல் ஷட்டிலும் பாபினும் ஊசியும் சேர்ந்திருந்தால் அதற்கும் தனி மதிப்பு உண்டு. விற்பதாக இருந்தால் எண்ணை நெருக்கத்தில் எடுத்த படம், ஷட்டில் இருக்கும் படம், ஒரு துண்டுத் துணியில் தைத்த தையலின் இரு பக்கப் படம் ஆகிய மூன்றையும் காட்டுங்கள். வாங்குவதாக இருந்தால் அதே மூன்றையும் கேளுங்கள். தையலின் அடிப்பக்கத்தைக் காட்ட மறுப்பவரிடம் நான் மெஷின் வாங்குவதில்லை.